டோவர் சாலையும் எண்ணூர் சாலையும்

பிரிட்டனிலிருந்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் சரக்கு ஏற்றிச் சென்ற லாரி ஓட்டுநர்களின் நினைவுகள் ஒரு பக்கம். ராயபுரத்தில் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி கன்டெய்னர் இழுத்துச் செல்லும் வடசென்னை டிரெய்லர் ஓட்டுநர்களின் நினைவுகள் மறுபக்கம். இரண்டையும் அருகருகே வைப்பது முதல் பார்வைக்குப் பொருந்தாத வேலை. லண்டனிலிருந்து மிலான் 1,200 கிலோமீட்டருக்கு மேல். மணலி யார்டிலிருந்து ஜீரோ கேட் இருபது கிலோமீட்டருக்குள். அங்கே குறுக்கே ஒரு கடலும் ஆல்ப்ஸ் மலையும். இங்கே பக்கிங்காம் கால்வாயின் மேல் ஒரு பாலம்.

ஆனால் தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைக் கணக்கெடுத்துப் பாருங்கள். சட்டம் சொல்லும் மணிக்கணக்கில் ஓட்டினால் மிலானுக்கு இரண்டு, மூன்று நாள். நெரிசல் முற்றிய காலங்களில் மணலியிலிருந்து புறப்பட்ட டிரெய்லர் ஒரு பகலும் இரவும் கழிந்த பின்னும் எண்ணூர் விரைவு சாலையிலேயே நின்றதுண்டு. அந்தக் கணக்கில் இந்த இருபது கிலோமீட்டரும் நெடுந்தூரப் பயணம்தான். இரு சாலைகளின் ஓட்டுநர்களும் ஊர் பெயர்களை விட வரிசைகளையே அதிகம் நினைவில் வைத்திருக்கிறார்கள். எந்த வருடம், எந்த வேலைநிறுத்தம், எத்தனை மணி நேரம் என்று. இந்த ஒப்பாய்வின் மையமும் அதுவே: காத்திருப்பு எப்படி அமைகிறது, அது யார் கணக்கில் எழுதப்படுகிறது.

இரு சாலைகளின் உடலமைப்பு வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருக்கிறது. இரண்டுமே கடலில் முட்டி நிற்கும் சாலைகள். பிரிட்டிஷ் லாரிகள் கப்பலேறும் டோவரில் ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறைச் செங்குத்து, மறுபக்கம் கடல். நடுவில் கிடைத்த ஒடுங்கிய நிலத்தில்தான் ஊரும் துறைமுகமும் லாரிகளும். எண்ணூர் சாலையில் ஒரு பக்கம் அலைத்தடுப்புக் கருங்கற்கள், மறுபக்கம் குப்பங்களும் திருவொற்றியூரின் நெருக்கமான வீடுகளும். நடுவில் கிடைத்ததுதான் சாலை. இரண்டிடத்திலும் அகலப்படுத்த இடமில்லை. டோவர்க்காரர்களுக்குப் பாறையைத் தள்ளி வைக்க முடியவில்லை. வடசென்னையில் கடல் பின்வாங்க மறுத்தது மட்டுமல்ல, ஆண்டுக்கு ஆண்டு முன்னேறி வந்தது. கரையோர வீடுகளையும் பழைய சாலையையும் அரித்துக்கொண்டு போனது. எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டதற்குக் கடலரிப்பும் ஒரு காரணம். மீனவக் குடும்பங்களுக்கு மாற்று வீடு கொடுப்பதில் ஏற்பட்ட தாமதம் இன்னொரு காரணம்.

மீனவர் என்றதும் இன்னொரு ஒற்றுமை. கடலரிப்புக்குத் தடுப்புக் கேட்டும், மீன்பிடி உரிமைக்காகவும் குப்பத்து மக்கள் எண்ணூர் சாலையில் மறியல் செய்தபோதெல்லாம் டிரெய்லர்கள் வரிசையாக நின்றிருக்கின்றன. 2009 ஏப்ரலில் மீன்பிடி ஒதுக்கீட்டை எதிர்த்து பிரெஞ்சு மீனவர்கள் கலே, டன்கிர்க், பூலோன் துறைமுகங்களைப் படகுகளால் அடைத்தபோது பிரிட்டிஷ் லாரிகளும் அப்படியே நின்றன. இரு கரைகளிலும் மீனவருக்கும் ஓட்டுநருக்கும் நேர்ப்பகை எதுவும் இல்லை. ஆனாலும் அரசின் கவனத்தைத் திருப்ப மீனவருக்குக் கிடைக்கும் ஒரே கைப்பிடி லாரிகள் போகும் வழிதான். காசிமேட்டுத் துறைமுகமும் ஜீரோ கேட்டும் அடுத்தடுத்து இருப்பதால் இந்த உறவு இங்கே இன்னும் நெருக்கம். மீன் ஏற்றிய வண்டியும் கன்டெய்னர் ஏற்றிய வண்டியும் ஒரே முனையில் வழிக்கு மல்லுக்கட்டுகின்றன.

இனி வரிசைக்கு வருவோம்.

ஆங்கிலக் கால்வாயில் கப்பல் ஓடாவிட்டாலும் கலேயில் வேலைநிறுத்தம் என்றாலும் கென்ட் மாவட்டத்தின் எம்20 நெடுஞ்சாலையை லாரி நிறுத்துமிடமாக மாற்றிவிடும் ஏற்பாட்டுக்கு ‘ஆப்பரேஷன் ஸ்டாக்’ என்று பெயர். 1988இல் தொடங்கியது. 2015 கோடையில் ஆயிரக்கணக்கான லாரிகள் அந்தச் சாலையில் கிடந்தன. 2019 முதல் அதன் இடத்தில் ‘ஆப்பரேஷன் பிராக்’ வந்தது. கவனிக்க வேண்டியது, அந்த வரிசைக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது. அறிவிப்பு உண்டு, காவல்துறையின் திட்டம் உண்டு, எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்ற பதிவு உண்டு.

எண்ணூர் சாலையின் வரிசைக்குப் பெயர் கிடையாது. அது அன்றாடம். துறைமுகத்தின் வடக்கு ஓரத்தில் உள்ள கன்டெய்னர் முனையங்களுக்கு ஒரே நேரத்தில் பல கப்பல்கள் வந்துவிட்டால் வரிசை நீளும். தொழிற்சாலையிலேயே அடைத்து முத்திரை வைத்த பெட்டிகளின் ஆவணங்களைச் சுங்கத்துறையினர் வாயிலில் சரிபார்க்கத் தாமதமானால் நீளும். உள்ளே கிரேன் பழுதானால் நீளும். மழையில் சாலை பள்ளமானால் நீளும். எதற்காக நீண்டது என்பது கடைசியில் நிற்கும் ஓட்டுநருக்குத் தெரிய வழியில்லை. முன்னால் நிற்பவரிடம் கேட்பார், அவர் அதற்கு முன்னால் நிற்பவரைக் கேட்பார். “என்னண்ணே, மூவ்மெண்ட் இருக்கா?” என்பதுதான் அந்தச் சாலையில் ஒருவரையொருவர் விசாரிக்கும் முதல் வார்த்தை.

காகிதத்தில் இரு உலகமும் முழு உடன்பிறப்புகள். 1993க்கு முந்தைய ஐரோப்பாவில் ஓட்டுநரின் மடியில் எப்போதும் ஒரு கட்டு படிவம் இருக்கும். லாரியின் முன்புறம் நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் டி.ஐ.ஆர். என்று இருந்தால், முத்திரை உடையாதவரை வழியில் உள்ள நாடுகள் சரக்கைப் பிரித்துப் பார்ப்பதில்லை என்ற 1959ஆம் ஆண்டு உடன்படிக்கையின் அடையாளம் அது. ஆனாலும் ஒவ்வோர் எல்லையிலும் முத்திரை குத்த வேண்டும்; ஏஜெண்ட் வர வேண்டும்; சாப்பாட்டு நேரம் முடிய வேண்டும். எண்ணூர் ஓட்டுநரின் சன் வைசரில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் கவரைத் திறந்தால் ஷிப்பிங் பில், பார்ம் 13, எடைச் சீட்டு, டிரிப் ஷீட். வியர்வைக் கை பட்டுப் பட்டு மடிப்பில் கிழிந்த தாள்கள். இதில் ஒன்று குறைந்தாலும், கேட்டின் முன் வந்து சேர்ந்த வண்டி ஓரம் கட்ட வேண்டியதுதான்.

வடசென்னையிலிருந்து உண்மையிலேயே நெடுந்தூரம் போகிறவர்களின் நினைவு இதைவிட நெருங்கி வருகிறது. கொல்கத்தா 1,600 கிலோமீட்டருக்கு மேல். ஜி.என்.டி. சாலையில் செங்குன்றம் தாண்டி, கும்மிடிப்பூண்டி அருகே எளாவூர் சோதனைச்சாவடி. ஆந்திரத்தைக் கடந்தால் ஒடிசா எல்லையில் கிரிசோலா. ஒடிசாவைக் கடந்தால் வங்க எல்லையில் லட்சுமண்நாத். மூன்று எல்லைகள், மூன்று வரிசைகள், மூன்று மொழிகளில் கேள்விகள். மிலான் போகும் பிரிட்டிஷ் ஓட்டுநருக்கு இரண்டு எல்லைகள்: கலே, அப்புறம் மோன் பிளாங் சுரங்கம். ஒரே நாட்டுக்குள் ஓடியவர் மூன்று எல்லை கடந்தார். நாடு விட்டு நாடு போனவர் இரண்டு.

பிறகு இரண்டு தேதிகள். 1993 ஜனவரி 1 அன்று ஐரோப்பியப் பொதுச்சந்தை நடைமுறைக்கு வந்து, டோவர்–கலே வழியில் சுங்கப் படிவங்கள் ஒரே இரவில் மறைந்தன. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்து, மாநில எல்லைகளில் வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன. இரண்டுக்கும் இடையே 24 ஆண்டுகளுக்கும் சற்று மேல். இரண்டு தரப்பு ஓட்டுநர்களும் அந்த நாளைப் பற்றி ஏறத்தாழ ஒரே தொனியில் பேசுகிறார்கள்: நின்றே பழகிய இடத்தில் நிற்காமல் கடந்து போனபோது ஏற்பட்ட நம்ப முடியாத உணர்வு. அதற்கப்புறம் பாதை பிரிகிறது. இங்கே சாவடி போய் இ-வே பில் வந்தது, சுங்கக் கட்டணத்துக்கு ஃபாஸ்டேக் வந்தது. வட்டாரப் போக்குவரத்துச் சோதனை தொடர்ந்தாலும் பழைய வரிசை திரும்பவில்லை. அங்கே 2021 ஜனவரி 1 முதல், பிரெக்ஸிட்டை அடுத்து, சுங்கப் படிவம் திரும்பி வந்தது. 1993க்கு முன் ஓட்டிய முதியவர்கள், மறந்துபோன வேலையை இளைய ஓட்டுநர்கள் புதிதாகக் கற்பதைப் பார்த்தார்கள். வரலாறு முன்னோக்கியே போகும் என்று எண்ணியவர்களுக்கு இந்த இடம் ஒரு திகைப்பு.

காத்திருப்பை அளக்கும் கருவியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். என் பார்வையில் இரு உலகங்களும் உண்மையில் பிரிவது இங்கேதான்.

டேக்கோகிராஃப் என்ற கருவி லாரியின் வேகத்தையும் ஓட்டிய நேரத்தையும் ஓய்வையும் பதிவு செய்கிறது. பழைய வகையில், உள்ளங்கை அளவுக்குச் சற்றுப் பெரிய வட்டத் தாள் ஒன்று இருக்கும். மெழுகு பூசியது, விளிம்பில் 24 மணி நேரமும் குறித்தது. நடுவில் ஓட்டுநர் தன் கையால் பெயர், புறப்பட்ட ஊர், கிலோமீட்டர் எண் எழுதி உள்ளே வைத்து மூடினால், ஊசி நாள் முழுக்கக் கீறிக்கொண்டே இருக்கும். பிரிட்டிஷ் தொழிற்சங்கங்கள் இதைக் கேபினுக்குள் உட்கார்ந்திருக்கும் உளவாளி என்று எதிர்த்தன. 1979இல் ஐரோப்பிய நீதிமன்றம் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளித்த பிறகே, 1981 இறுதிக்குள் அது அங்கே கட்டாயமானது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவெளி. ஒரு நாளில் 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. வாரத்துக்கு 56 மணிக்கு மேல் கூடாது. கப்பலில் தூங்கும்போது ஏறவும் இறங்கவும் எழுப்பினால், அந்த ஓய்வை இரண்டு முறைக்கு மேல், மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குலைக்கக் கூடாது என்றுகூட விதி எழுதியிருக்கிறார்கள். ஒரு மனிதனின் தூக்கம் எத்தனை முறை கலையலாம் என்று சட்டம் உட்கார்ந்து யோசித்திருக்கிறது!

நம்மிடம் சட்டம் இல்லை என்று சொல்வதற்கில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பிட்டது. நெடுந்தூர வழிகளுக்கு அதில் சிறு தளர்வு இருந்தது. பிரிட்டனில் டேக்கோகிராஃப் கட்டாயமாவதற்கு இருபது ஆண்டு முந்தியது இது. சட்டம் முந்தியது, அதைப் பதியும் ஊசிதான் வந்து சேரவில்லை. எண்ணூர் சாலையில் இரவு இரண்டு மணிக்கு வரிசை ஒரு வண்டி நீளம் நகர்கிறது. பின்னால் இருப்பவர் ஹாரன் அடிக்கிறார். ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருந்தவர் எழுந்து, வண்டியைக் கிளப்பி, பத்து மீட்டர் நகர்த்தி, மறுபடி அணைத்துச் சாய்கிறார். அரை மணியில் இன்னொரு முறை. இது தூக்கமா, வேலையா? எந்தத் தாளிலும் இது விழுவதில்லை.

இதன் விளைவு கூலியில் தெரிகிறது. துறைமுக டிரெய்லர் ஓட்டுநருக்குப் பெரும்பாலும் டிரிப் கணக்கு. ஒரு டிரிப்புக்கு இவ்வளவு, மேலே பேட்டா. நாளுக்கு இரண்டு டிரிப் அடித்தால் ஒரு வருமானம். இரண்டு நாளுக்கு ஒரு டிரிப் என்றால் அதில் கால்வாசி. வரிசையின் செலவு அப்படியே ஓட்டுநரின் தட்டில் வந்து விழுகிறது. பிரிட்டிஷ் கம்பெனி ஓட்டுநருக்கு மணிக்கூலியோ வாரச் சம்பளமோ இருந்தது, வெளியூரில் தங்கும் இரவுக்குத் தனிப்பணம் இருந்தது; வரிசை அவரது பொறுமையைத் தின்றதே தவிரச் சோற்றைத் தின்னவில்லை. சொந்த லாரி வைத்து ஓட்டிய பிரிட்டிஷ்காரரின் கதை வேறு. அவருக்கும் லோடுக்குத்தான் வாடகை. எம்20இல் நின்ற ஒவ்வொரு நாளும் கடன் தவணையைக் கடித்தது. இந்த ஒருவர்தான் நம் டிரெய்லர்காரருக்கு மிக நெருங்கிய உறவினர்.

உளவாளி என்று பிரிட்டிஷ் தொழிற்சங்கங்கள் வெறுத்த கருவியை எண்ணூரில் யாராவது வரவேற்றிருப்பார்களா என்று யோசிக்கிறேன். வரவேற்றிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். எழுதப்படாத காத்திருப்புக்கு யாரிடமும் போய்க் காசு கேட்க முடியாது.

அடுத்தது கேபின். இங்கே உறவு இன்னும் ஆழத்தில் இருக்கிறது. ஒரே குடும்பப் பெயர் என்றே சொல்லலாம். 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1950இல் இங்கிலாந்தின் லங்காஷையரில் உள்ள லேலண்ட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. காமெட், பீவர், ஹிப்போ என்று லங்காஷையரில் வைத்த பெயர்களே எண்ணூரிலும் ஓடின. பிரிட்டனின் சாலைகளில் ஓடிய காமெட்டும் செங்குன்றத்தில் அரிசி ஏற்றிய காமெட்டும் ஒரே வரைபடத்தின் பிள்ளைகள்.

அதே வரைபடம் இரண்டு கரையிலும் வேறு வேறாக வளர்ந்தது. பழைய பிரிட்டிஷ் லாரியில் படுக்கை இல்லை. இஞ்சின் மூடி மேல் பலகை போட்டுப் படுத்தவர்கள் உண்டு; துறைமுக ஊர்களில் ஓட்டுநர் விடுதிகளில் கட்டில் வாடகைக்கு எடுத்தவர்கள் உண்டு. ஸ்வீடனிலிருந்து 1965இல் வந்த வோல்வோ எஃப்88, பின்னால் படுக்கையோடு வந்தபோது பிரிட்டிஷ் ஓட்டுநர்கள் தங்கள் நாட்டு லாரிகளை மறந்தார்கள். 1973இல் லேலண்ட் தன் மாரத்தானைப் பதிலாக இறக்கியது; காலம் கடந்துவிட்டிருந்தது.

எண்ணூரிலிருந்தோ கேபினே இல்லாமல் வண்டி புறப்பட்டது. அந்தக் காட்சியைப் பார்த்த வடசென்னைக்காரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்: சேஸிஸ், சக்கரம், இஞ்சின், முன்புறம் ஒரு முகப்பு. அவ்வளவுதான். அதில் ஒரு தற்காலிக இருக்கை. தலையிலும் முகத்திலும் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கூரையோ கதவோ கண்ணாடியோ இல்லாமல் வெயிலிலும் லாரிப் புகையிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போவார்கள். நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ பாடி கட்டும் பட்டறைக்குப் போன பிறகுதான் மரமும் தகரமும் சேர்த்துக் கேபின் உருவாகும். முகப்பில் சாமி பெயர், உள்ளே படுக்கப் பலகை. ஐரோப்பிய ஓட்டுநருக்குப் படுக்கையைத் தொழிற்சாலை செய்து கொடுத்தது. நம் ஓட்டுநருக்கு நாமக்கல் தச்சர் செய்து கொடுத்தார். வசதியில் முன்னது மேல். ஓட்டுநரின் சொல் கேட்டுச் செய்ததில் பின்னது மேல். எங்கே அலமாரி, எங்கே சாமி படம், எங்கே தண்ணீர்ப் பானை என்று பட்டறையில் நின்று சொல்லிக் கட்டியவர்கள் உண்டு. குளிர்சாதனம் பொருத்திய கேபின் 2025 அக்டோபர் 1 முதல்தான் புதிய லாரிகளுக்கு இங்கே கட்டாயமானது.

இரண்டு லேலண்டுகளின் முடிவு எதிர்பாராதது. பிரிட்டனின் லேலண்ட் லாரிப் பிரிவு 1987இல் டச்சு நிறுவனமான டாஃப் உடன் இணைந்தது. 1993இல் அது திவாலானது. 1998இல் அமெரிக்க நிறுவனமான பாக்கர் வாங்கியது. லேலண்ட் ஊரில் இன்றும் லாரி தயாராகிறது. முகப்பில் இருப்பது டாஃப் என்ற பெயர். லங்காஷையர் இழந்த பெயரை எண்ணூர்தான் இன்றைக்கும் வண்டியின் நெற்றியில் வைத்திருக்கிறது. டாரஸ் என்று அசோக் லேலண்ட் வைத்த மாடல் பெயரோ, தமிழ்நாட்டில் எந்தக் கம்பெனியின் பல சக்கர லாரிக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

பெயர் மட்டும் இல்லை, முதலாளியும் ஒன்றாகிறார். சென்னைத் துறைமுகத்தின் கன்டெய்னர் முனையம் 1983இல் திறக்கப்பட்டது. 2001இல் அதை நடத்தும் உரிமையைப் பெற்றது பி அண்ட் ஓ. டோவரில் லாரிகளை ஏற்றிக்கொண்டு கலேக்கு ஓடும் கப்பல்களின் புகைக்குழாயில் இருக்கும் அதே பெயர். 2006இல் பி அண்ட் ஓ குழுமத்தை துபாயின் டிபி வேர்ல்டு வாங்கியது. கப்பல் பிரிவு கைமாறி, 2019இல் மறுபடி டிபி வேர்ல்டிடமே வந்தது. ஆக, டோவர் வரிசையின் முடிவில் காத்திருக்கும் கப்பல்களில் சிலவும், ஜீரோ கேட் வரிசையின் முடிவில் காத்திருக்கும் கிரேன்களில் சிலவும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வருகின்றன. இரு வரிசைகளிலும் நிற்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. 2022 மார்ச்சில் அந்தக் கப்பல் நிறுவனம் ஏறத்தாழ 800 கடலோடிகளை முன்னறிவிப்பின்றி வேலையைவிட்டு நீக்கியபோது கப்பல்கள் நின்றன, கென்ட் சாலையில் லாரிகளும் நின்றன.

இரண்டு நாடுகளிலும் வண்டி இடப்பக்கம் ஓடுகிறது, ஸ்டியரிங் வலப்பக்கம். சாதாரணத் தகவல்தான். ஆனால் பிரிட்டிஷ் லாரி கலேயில் இறங்கியதும் வலப்பக்கச் சாலைக்கு மாற வேண்டும். முந்திப் போக எதிர்வரும் வண்டியைப் பார்க்க வேண்டிய கண் இடப்பக்க இருக்கையில் இருக்க வேண்டும். தனியாக ஓட்டியவர்கள் அந்தக் காலி இருக்கையின் அருமையைப் பேசுகிறார்கள். எண்ணூர் சாலையில் அந்த இருக்கை கிளீனருடையது. இடப்பக்கத்துச் சைக்கிளையும் சாக்கடை ஓரத்தையும் பார்த்து, கதவின் வெளிப்புறத்தைத் தட்டி, “வரலாம், வரலாம்... ரைட்” என்று சொல்லும் அந்தப் பையன் பல டிரெய்லர்களில் இப்போது இல்லை, செலவைக் குறைக்க முதலில் குறைந்தது அவன் இடம். ஓட்டத்தைக் கற்றுக்கொள்ளும் பள்ளியும் அந்த இருக்கைதான். அடுத்த தலைமுறை ஓட்டுநர் கிடைக்கவில்லை என்று இரு நாட்டு முதலாளிகளும் இன்று வருந்துவதில் அந்தக் காலி இருக்கைக்கும் பங்குண்டு.

சாப்பாட்டில் நிறைய எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டிஷ்காரர் கேஸ் அடுப்பில் டின் உணவைச் சூடாக்குவார். வசதிப்பட்டால் பிரான்சில் ரூத்தியே உணவகம், நீண்ட மேசை, எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. நம்மவர் டிரெய்லரின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தால் அடுப்பும் அரிசியும் மிளகாய்த்தூள் டப்பாவும். இல்லாவிட்டால் சாலையோரத்துப் புரோட்டா கடை. குப்பத்துப் பெண்கள் இட்லியும் வறுத்த மீனும் கொண்டுவந்து விற்பதும் உண்டு. வரிசையால் மூச்சு முட்டும் அந்த ஊரே வரிசைக்குச் சோறு போடுகிறது.

அதைவிட வியப்பு 2020இல் நடந்தது. அந்த மார்ச்சில் இந்தியா ஊரடங்கில் மூடியபோது, சாலையோர உணவகங்கள் அடைத்துக் கிடக்க, சரக்கோடு நடுவழியில் நின்ற லாரிக்காரர்களுக்கு வழியோர ஊர் மக்கள் சோறு கொடுத்தார்கள். டிசம்பர் 20 அன்று, புதிய வகைக் கொரோனாவுக்கு அஞ்சி பிரான்ஸ் தன் எல்லையை மூடியது. கிறிஸ்துமஸுக்கு வீடு போக வேண்டிய போலந்துக்காரர்களும் ருமேனியர்களும் ஸ்பானியர்களும் ஆயிரக்கணக்கில் கென்ட்டில் சிக்கினார்கள். அவர்களுக்குச் சுடச்சுடச் சாப்பாடு கொண்டுபோனது கிரேவ்சென்ட் ஊர்க் குருத்வாராவும் கால்சா எய்ட் அமைப்பும். எம்20இல் விநியோகித்த நூற்றுக்கணக்கான பொட்டலங்களில் கொண்டைக்கடலைக் குழம்பும் இருந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய லாரி வரிசை ஒன்றுக்குப் பஞ்சாபியர் அடுக்களை படியளந்தது.

ஆபத்தின் பக்கம் இரண்டும் ஒப்பிடத் தக்கவை அல்ல. 1987 மார்ச் 6 அன்று ஜீபுரூக் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ கப்பல், முன்கதவு மூடப்படாமல் கவிழ்ந்து 193 பேர் இறந்தனர். அதில் லாரிகளும் ஓட்டுநர்களும் இருந்தனர். மோன் பிளாங் சுரங்கத்தில் 1999இல் ஒரு லாரியில் பற்றிய தீ 39 பேரைக் கொன்றது. எண்ணூர் சாலையின் சாவுகள் ஒன்று ஒன்றாக நிகழ்பவை: பள்ளத்தைத் தவிர்க்கத் திரும்பிய இருசக்கர வண்டி, டிரெய்லரின் பின்சக்கரம், செய்தித்தாளில் நாலு வரி. அங்கே விபத்துக்கு விசாரணை ஆணையமும் புது விதிமுறையும் வந்தன. இங்கே பள்ளத்தின் மேல் ஜல்லி வந்தது.

கால்வாய் கடந்த லாரிகளோடு தமிழருக்கு வேறொரு தொடர்பும் உண்டு. ஈழப்போரிலிருந்து தப்பி ஐரோப்பா சேர்ந்து, பிரிட்டனுக்குப் போக லாரிகளின் பின்புறத்தில் ஒளிந்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். 2000 ஜூனில் டோவரில் ஒரு தக்காளி லாரிக்குள் 58 சீனர்கள் மூச்சுத் திணறி இறந்து கிடந்தார்கள். ஓட்டுநர் நினைவுகளில் சரக்குக் கதவு அச்சம் தரும் பொருளாக மாறியது அந்தக் காலத்தில். எண்ணூரில் அந்தக் கதவின் முத்திரை உடைந்திருக்கிறதா என்பது மட்டுமே கவலை. உள்ளே யார் என்ற கேள்வி எழுவதில்லை.

கடைசியாக, நினைவு என்னும் பொருளைப் பற்றியே. பிரிட்டிஷ் ஓட்டுநர்கள் எழுதினார்கள். ஓய்வுபெற்றவர்களின் புத்தகங்கள் வருகின்றன. பழைய லாரிகளைப் பளபளப்பாக்கி அணிவகுக்கிறார்கள். லேலண்ட் ஊரிலேயே 1983 முதல் சரக்கு வண்டிகளுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதே 1983இல்தான் சென்னையில் கன்டெய்னர் முனையம் திறந்தது. அங்கே ஒரு தொழிலின் நினைவைச் சேமிக்கத் தொடங்கிய ஆண்டில் இங்கே ஒரு தொழிலே தொடங்கியது.

நம் பக்கம் எழுதப்பட்டது மிகக் குறைவு. காமெட்டுகள் பழைய இரும்பாகப் போய்விட்டன. நிலக்கரியும் இரும்புத்தாதும் சென்னைத் துறைமுகத்தை விட்டு 2011இல் வெளியேறியதும், ராயபுரத்தின் கருந்தூசியோடு அந்தச் சரக்கை ஏற்றிய லாரிகளின் கதையும் எண்ணூருக்குப் போய்விட்டது. 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் பிறகு காட்டுப்பள்ளியும் வந்து வண்டிகள் போகும் திசைகளை மாற்றின. 2009இல் அடிக்கல் நாட்டி, பாதியில் நின்று, 2022இல் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்ட துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலை திறந்தால் வரிசையின் இடமும் மாறும். 1983இல் முதல் பெட்டிகளை இழுத்த இளைஞர்கள் இப்போது அறுபதைத் தாண்டியவர்கள். முதல் டிரெய்லரில் ரிவர்ஸ் எடுக்க யார் சொல்லிக் கொடுத்தார், மூன்று எல்லை கடந்து கொல்கத்தா போனபோது எந்த வார்த்தைகளை முதலில் கற்றார், டிரிப் இல்லாத வாரத்தில் எந்தக் கடை கடன் கொடுத்தது, சேஸிஸ் மேல் துண்டு கட்டிப் போன நாளில் மழை வந்தால் என்ன செய்தார் என்பதையெல்லாம் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். மணலியிலும் திருவொற்றியூரிலும் மாதவரத்திலும் அவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.